குளிராத ஃபிரிட்ஜில் பாவாடைப் பனை

என் அக்கா வீட்டில் எந்த டப்பாவில் இருப்பதையும் நன்றாகப் பார்க்காமல் வாயில் போடக் கூடாது. ஒருமுறை உலர்ந்த திராட்சை என்று நினைத்து ஒரு கை அள்ளிவிட்டேன். பல்லில் பட்ட பிறகுதான் தெரிந்தது, அது ஏதோ தீவில் வளரும் பனையின் விதை. "ஐயையோ, கடிச்சுட்டியா? காட்டு, காட்டு!" என்று அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். என் பல்லைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நம்பி வாயை ஆவென்று திறந்தேன். அவள் விதையைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஒண்ணும் ஆகல" என்று பெருமூச்சு விட்டாள். என் பல் என்ன ஆனது என்று இன்றுவரை கேட்கவில்லை.

அக்காவுக்கு வேலை, ஊரிலுள்ள பெரிய தோட்டத்தின் விதை அறையில். அங்கே பூச்செடி விதைகள், கீரை விதைகள் எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள். காயவைத்து, உறையில் போட்டு, குளிர் அறையில் தள்ளிவிட்டால் வருஷக்கணக்கில் தூங்கும். அலங்காரப் பனைகளின் விதைகள் அப்படியல்ல. அதிலும் மழைக்காட்டிலிருந்து வந்த வகைகள் இருக்கின்றனவே, காய்ந்தாலும் செத்துப்போகும், குளிர்ந்தாலும் செத்துப்போகும். ஈரம் கொஞ்சம் கூடினால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். பழத்தை ஊறவைத்து, மணல் போட்டுத் தேய்த்து, சதையெல்லாம் போகக் கழுவி, பிழிந்த தென்னை நார்த்தூளில் புதைத்து, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். வாரா வாரம் பையைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். சில பனைகளின் சதை கையில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். அறையில் வேறு யாரும் இந்த வேலையைச் சீந்தவில்லை. அக்கா மட்டும் தானாகப் போய் வாங்கிக்கொண்டாள். எப்போதும் அவள் கை ஈரமாகவே இருப்பதால் தோட்டத்தில் அவளுக்கு 'ஈரக்கை' என்று பெயர். சம்பள நாளன்று கையெழுத்துப் போட்டால் மை கலைந்துவிடுமாம்.

இப்படிப்பட்டவள் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் தெரியுமா? ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை!

அந்தக் கதை அவர்கள் இருவர் வாயிலும் இரண்டு விதமாக வரும். நான் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்ட சாரம் இதுதான். தோட்டத்துக் குளிர் அறை பழுதானபோது அத்தான் சரி செய்ய வந்திருக்கிறார். வேலை முடிந்ததும், வெளியே மேஜை மேல் சூட்டில் கிடந்த பனை விதைப் பைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், எல்லாவற்றையும் எடுத்துக் குளிர் அறைக்குள் அழகாக அடுக்கிவிட்டார். நல்லது செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றவரை, அக்கா துடைப்பத்தோடு வாசல்வரை துரத்தியிருக்கிறாள். மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். குளிர் அறையில் எந்தக் கோளாறும் இல்லாத நாட்களிலும் வர ஆரம்பித்தார். அப்புறம் என்ன, எனக்கு அத்தானாகிவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை.

"உலகத்துல எதை வேணா எடுத்துக்கோ, குளிர்ல வெச்சா கெடாது" என்பார் அத்தான்.

"உங்களை வெச்சுப் பாக்கட்டுமா?" என்பாள் அக்கா.

எங்கள் வீட்டில் கீழே முன்பக்கம் அத்தானின் பட்டறை. பழுதான ஃபிரிட்ஜுகள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரிசையாக நிற்கும். பின்பக்கம் அவர்கள் குடித்தனம். மாடியில் நானும் என் தையல் மெஷினும். எனக்குச் செடி கொடி என்றால் ஆகாது. பூச்சி வரும், மண் கொட்டும், தைத்து வைத்த துணி பாழாகும். அக்கா கொடுத்த ரோஜாத் தொட்டியைக்கூட மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

ஆனால் ஒரே ஒரு மரம் எனக்குப் பிடிக்கும். தோட்டத்தின் நிழலான மூலையில் நின்ற குட்டைப் பனை அது. இலை ஒவ்வொன்றும் கிழிசலில்லாமல் வட்டமாக, நடுவிலிருந்து ஓரம்வரை மடிப்பு மடிப்பாக இருக்கும். இஸ்திரி போட்டு எடுத்த மடிப்புப் பாவாடைதான். எத்தனை பாவாடை தைத்திருக்கிறேன், ஒன்றிலாவது அப்படி மடிப்பு விழுந்ததில்லை. 'பாவாடைப் பனை' என்று நான்தான் பெயர் வைத்தேன். தோட்டத்துக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்தில் அந்த வகையில் அது ஒன்றுதான். வேறெங்கே இருக்கிறது என்று மேலாளர் ஊர் ஊராக விசாரித்தும் இருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மரத்தின் மேல்தான் பக்கத்து மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை, சும்மா நின்ற கிளை. பனை அடியோடு நசுங்கிவிட்டது. அதன் கடைசிக் குலையில் பழுத்திருந்தவை கொஞ்சம்தான். அக்கா முட்டி போட்டு இலைக் குப்பைக்குள் தேடித் தேடிப் பொறுக்கிக் கழுவியதில் இருபது சொச்சம் விதை தேறியது. மூன்று பைகளில் கட்டினாள்.

அன்றிலிருந்து பிடித்தது எங்களுக்குச் சனி.

மாதங்கள் போயின. ஒரு விதையாவது மூக்கை நீட்ட வேண்டுமே! கிடையாது. பூஞ்சையும் இல்லை, நாற்றமும் இல்லை, முளையும் இல்லை. செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, ஒன்றை வெட்டிப் பார்ப்பது. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, கூழாக இருந்தால் போய்விட்டது. ஆனால் வெட்டிய விதை வெட்டியதுதான். "இருக்கறதே இருபது. அதுல ஒண்ணை நான் கொல்லணுமா?" என்று அக்கா கத்தியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இதற்கிடையில் விதை அறை முழுவதும் ஏசி வந்தது. மற்ற விதைகளுக்குக் கொண்டாட்டம், பனை விதைகளுக்குத் திண்டாட்டம். மேலாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "முளைக்கிறவரைக்கும் வீட்டுல வெச்சுக்கோங்கம்மா. ஆனா மழைக்கு முன்னாடி ஒரு முளையாவது காட்டுங்க. இல்லேன்னா அந்த மூலையில செல்ஃபி மேடை கட்டச் சொல்லிட்டாங்க" என்றார். இதய வடிவில், சிவப்புப் பெயின்ட் அடித்த மேடையாம். படத்தைக் காட்டினாராம். அக்கா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் திட்டினாள்.

அப்போதுதான் அத்தான் தன் காதலை நிரூபித்தார். யாரோ வேண்டாமென்று தலைமுழுகிவிட்டுப் போன ஒரு வெள்ளை ஃபிரிட்ஜ் பட்டறையில் கிடந்தது. பின்பக்க ஓட்டை வழியாகத் தனி வயர் விட்டு, உள்ளே ஒரு சின்ன பல்பை மாட்டினார். கதவைச் சாத்தினால் உள்ளே இதமான சூடு, ராப்பகல் ஒரே மாதிரி. குளிர்ச்சியை வெளியே விடாத சுவர், சூட்டை மட்டும் விட்டுவிடுமா? வாழ்நாளெல்லாம் பெட்டிகளைக் குளிர வைத்தவர், மனைவிக்காக ஒன்றைச் சூடாக்கினார். அக்கா கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னாலேயே அவர் கன்னத்தைக் கிள்ளினாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் பெட்டி நின்றது. வெயில் காலம் வந்ததும் எதிர் ஜன்னலிலிருந்து வெயில் நேராக அதன் மேல் அடித்தது. அத்தான் வெளியூரில் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலையாகப் போயிருந்தார். "சூடு ஏறிடும்டி, ஒரு கை பிடி" என்று அக்கா கூப்பிட, இருவரும் தள்ளிக்கொண்டுபோய் வாசலோர மூலையில் நிறுத்தினோம். அங்கே நின்றிருந்த இன்னொரு வெள்ளை ஃபிரிட்ஜை மாடிப்படிக்கு அடியில் தள்ளினோம். முதுகு விட்டுப்போயிற்று. அதோடு அதை மறந்தும் போனோம்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் விதைகளைப் பார்ப்பது அவள் வழக்கம். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், என் கையிலிருந்த ஜாக்கெட்டில் ஊசி கோணல் மாணலாக ஓடிவிட்டது. இறங்கி ஓடினேன். வாசலோர மூலை வெறுமையாக இருந்தது.

அக்கா அத்தானின் கூட்டாளிக்கு ஃபோன் போட்டாள். எல்லோரும் அவரைக் 'கேஸ்' என்று கூப்பிடுவார்கள், கேஸ் நிரப்புவதில் புலி.

"காலைலயே குடுத்துட்டேனே அண்ணி. மூலையில இருக்கற வெள்ளைப் பெட்டி ரெடின்னு அண்ணன் சொன்னாரு. பல் டாக்டரம்மா வீட்டுப் பெட்டி."

"உள்ள திறந்து பாக்கலையா?"

"ரெடியான பெட்டியை யாராவது திறப்பாங்களா? கதவுக்குக் கயிறு கட்டி ஏத்திட்டேன். பின்னாடி ஏதோ வயர் தொங்குச்சு, அதையும் சுத்தி டேப் போட்டு நீட்டா ஒட்டிட்டேன்" என்றார் பெருமையாக.

"அங்க பிளக் போட்டாச்சா?"

"இல்ல இல்ல. இறக்கின உடனே போடக் கூடாது அண்ணி, எண்ணெய் அடங்கணும். சாயங்காலம் போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பார்த்தோம். சாயங்காலம்தான்.

கேஸ் தன் லோடு ஆட்டோவோடு பறந்து வந்தார். முன்னால் ஒருவருக்குத்தான் இடம். அக்கா பின்னால் ஏறி நின்றுகொண்டாள், நானும் வேறு வழியில்லாமல் ஏறினேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன். அக்கா அத்தானிடம் கத்துகிறாள். ஊரே எங்களை வேடிக்கை பார்க்கிறது. என் கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, கழற்றி வைக்க நேரமில்லை.

"அந்தப் பெட்டி ஓடாதும்மா, பயப்படாத" என்றார் அத்தான்.

"சத்தியமா ஓடாதா?"

அந்தப் பக்கம் அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"என்னங்க!"

"சில நேரம் ஓடும். உள்ள இருக்கற கூலிங் மெஷினைக் கழட்டிப் போட எனக்கு மனசு வரல."

அக்கா ஃபோனை அணைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "குளிர் பட்டா அவ்ளோதான்டி. அந்த மரம் இனிமே இல்லவே இல்ல" என்றாள். அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வரவில்லை. கேஸின் முதுகில் தட்டி, வேகமாகப் போகச் சொன்னேன். அவர் ஒரு வேகத்தடையை அப்படியே தாண்டினார், நாங்கள் இருவரும் ஒரு நிமிஷம் ஆகாயத்தில் இருந்தோம்.

பல் டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான உருவம், வாய் நிறைய சொந்தப் பல். கதவைத் திறந்ததும் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராகச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே அந்தப் பெட்டி 'உம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா கதவைத் திறந்தாள். ஜில்லென்று காற்று அடித்தது. உள்ளே பால், தக்காளி, தயிர். பைகளைக் காணோம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடேங்கப்பா, என்னமா கூலிங்!" என்றார் கேஸ் பின்னாலிருந்து. அவரை நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"போட்டு ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள தக்காளி கல்லாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "ஆமா, உள்ள மூணு பை வெச்சது நீங்கதானா?"

"அதை எங்க போட்டீங்க?" என்றாள் அக்கா, தரையில் உட்கார்ந்தபடியே.

"போடறதா? நான் ஏன் போடறேன்? காலைல கயிறை அவுத்துப் பாத்தேன். பையைத் தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. வெதுவெதுப்பா யாரோ பாத்துப் பாத்து வெச்சதை ஃபிரிட்ஜுல விட்டா நல்லதில்லன்னு தோணுச்சு. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில எடுத்து வெச்சுட்டேன். அதோ, சர்க்கரை டப்பா பக்கத்துல."

மூன்று பையும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அக்கா எழுந்த வேகத்தில் டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்து, அவர் தோளில் நார்த்தூள் கறையை அப்பிவிட்டாள். பிறகு பைகளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"ஒண்ணு குறையுது."

டாக்டரம்மா முதல் முறையாகக் கொஞ்சம் அசடு வழிந்தார். "அது வந்து… கையில புதுசா ஒண்ணு கிடைச்சா நான் சும்மா இருக்க மாட்டேன். என்னன்னு தெரிய வேணாமா? சுத்தியலால தட்டினா நொறுங்கிடும். அதனால பழைய டிரில்லை எடுத்து…"

மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பாவாடைப் பனையின் விதை, பிசிறு இல்லாமல் இரண்டு பாதியாக. இத்தனை மாதம் அக்கா செய்யத் துணியாத காரியம் அங்கே செய்து முடிக்கப்பட்டிருந்தது. அக்கா கிண்ணத்தின் பக்கத்தில் போகாமல் நின்றாள்.

"நீ பாருடி" என்றாள் என்னிடம்.

நான் குனிந்து பார்த்தேன். "வெள்ளையா இருக்குக்கா."

"பழுப்பு?"

"இல்லவே இல்ல."

"கெட்டியா இருக்கா?"

"கெட்டியா இருக்கறதாலதானேம்மா டிரில் போட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இதோ பாருங்க, இந்த ஓரத்துல குட்டியா ஒண்ணு இருக்கே, கரு மாதிரி. பளபளன்னு இருக்கு. நான் பாத்த செத்த பல்லுக்குக் கணக்கே இல்ல, உள்ள உயிர் இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இது உயிரோட இருந்துது. நான்தான்…" என்று நிறுத்தி, "அடக் கடவுளே, நான் கொன்னுட்டேனா?" என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. "உயிரோட இருக்கு! எல்லாம் உயிரோட இருக்கு! தூங்குதுங்க, தூங்குமூஞ்சிங்க!" என்று கேஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கேஸுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் அவரும் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். நானோ, சொன்னால் வெட்கம், அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தான் கேஸுக்கு ஃபோன் பண்ணி, "ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுது அண்ணே, பிச்சுக்கிட்டு ஓடுது!" என்றார் கேஸ். தன் மனைவியின் விதைகள் போய்விட்டன என்ற துக்கம் ஒரு பக்கம், செத்த பெட்டி பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு பக்கம், மனுஷர் ஃபோனிலேயே விக்கினார். அக்கா ஃபோனைப் பிடுங்கி விஷயத்தைச் சொல்கிறவரை அவர் பட்ட பாடு ஐஸ் கம்பெனிக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா அந்தப் பெட்டியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தன் பழைய ஃபிரிட்ஜை விட இதுதான் நன்றாகக் குளிர்கிறதாம். இன்னொன்றும் சொன்னார்: "ஒரு பை இங்கயே இருக்கட்டும். ஒண்ணைக் கொன்னவ நான். பாத்துக்கறேன்." அக்கா யோசித்தாள். அவள் யாரிடமும் விதையை விட்டு வைத்தவளில்லை, என்னிடமே தந்ததில்லை. அலமாரியில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். சர்க்கரை டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு ஒரு பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

பாதி விதையைப் பார்த்த மேலாளர், மழை தொடங்கும்வரை செல்ஃபி மேடை ஆட்களை எதையாவது சொல்லி ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார். அத்தான் ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக, டாக்டரம்மாவின் பழைய ஃபிரிட்ஜில் பல்பு மாட்டினார். அதில் நிஜமாகவே ஓடாதபடி எல்லாவற்றையும் கழற்றினார். ஒவ்வொரு திருகையும் கழற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேகம் திரண்ட ஒரு காலை, அக்காவின் ஃபோன் அடித்தது. எடுத்தவுடன் அந்தப் பக்கத்துச் சத்தம் மாடிவரை கேட்டது.

"பல் முளைச்சிருக்கும்மா! பல் முளைச்சிருக்கு!"

அக்கா பாதி வாரிய தலையோடு ஓடினாள். அத்தான் ஒரு காலில் செருப்போடு ஓடினார். நான் அளவு டேப்போடு ஓடினேன், எனக்கு அதுவே விதி போலிருக்கிறது. டாக்டரம்மா பையை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு நின்றார். நார்த்தூளுக்குள்ளிருந்து வெள்ளையாக, குழந்தையின் முதல் பல் அளவில், ஒன்று எட்டிப் பார்த்தது. என் அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகும் தொடவில்லை, திரும்பவும் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்துக்குள் வீட்டுப் பைகளிலும் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன. முதலில் ஓடி வந்து முளையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டவர் மேலாளர். மேடை இப்போது வாசல் பக்கம் போய்விட்டது. நிழல் மூலையில் குழி தோண்டிவிட்டார்கள், நாற்றுகள் அங்கே போக இன்னும் காலம் இருக்கிறது. டாக்டரம்மா வாரம் தவறாமல் தோட்டத்துக்கு வந்து, "எது என்னோடது?" என்று கேட்டுத் தன் நாற்றை அடையாளம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

போன மாதம் அக்கா ஒரு தொட்டியை மாடிக்கு எடுத்து வந்து, நான் தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே வைத்தாள். மண் கொட்டியது. திட்ட வாயெடுத்தவள், பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். முதல் இலை விரிந்திருந்தது. விரல் அகலம்தான் இருக்கும். அதற்குள் மூன்று மடிப்பு. நான் மெஷினை விட்டு எழுந்து, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, ஒவ்வொரு மடிப்பாக அளந்தேன்.

"என்னடி, எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"ஒரு நூல் பிசகல" என்றேன். தொட்டியைத் திருப்பித் தரவில்லை.